தப்புதாங்க, தொரசானி

உர மூட்டை காணாமல் போன அன்று அப்பா தேயிலைத் தோட்டத்திலேயே இல்லை. அட்டை கடித்த புண் சீழ் பிடித்து, நகரத்து ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். திரும்பி வந்து நொண்டிக்கொண்டே, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போனவரைத் தொரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "ஸ்டோர் பக்கம் கடைசியா நின்னது நீதானே?" என்று கேட்டார்.

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தப்புதாங்க தொரை. இனிமே நடக்காதுங்க" என்றார்.

தொரை "ம்" என்றார். பிரட்டு கலைந்தது. ஆட்கள் மலைக்குப் போனார்கள்.

அப்போது நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். நியாயம் என்ற சொல்லைக் கட்டுரைகளில் அடிக்கடி எழுதும் வயது. சாயங்காலம் அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான் ஆஸ்பத்திரியில கெடந்தீங்களே. ஏன் அத சொல்லல?"

"சொன்னா?"

"சொன்னா உண்ம தெரியும்."

"தெரிஞ்சு? அப்ப எவன் எடுத்தான்னு தேடுவாங்க. பொலிஸ் வரும். லயத்துல அத்தன வீட்டு அடுப்படியையும் கிண்டுவான். தப்புன்னு ஒருத்தன் சொல்லிட்டா அன்னக்கே முடிஞ்சிரும்டா. தொரைக்கு உரமா வேணும்? ஒரு தல தொங்கணும். தொங்கப்போட்டேன்."

இது அப்பாவின் தனிக் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் டிவிசனில் எல்லோரும் இப்படித்தான். கொழுந்து நிறை குறைந்தாலும் தப்புதாங்க. தராசு பழுதென்றாலும் தப்புதாங்க. மழையில் பாதை உடைந்து லொறி சாய்ந்தபோது, அந்தப் பாதையில் கால் வைத்தே இராத கிழவர் ஒருவர்கூட முன்னே வந்து துண்டை எடுத்தார். தும்மல் வருவதுபோல அது எங்களுக்கு வரும். சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது, சம்பளம் தப்பியது என்று பொருள். தப்பு செய்தோம் என்று பொருள் இல்லை. தொரைமாருக்கும் அது தெரியும். தெரியாத இடத்தில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. தெரியாத இடத்துக்கு நாங்கள் போனதே இல்லை.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்றோலில் பெயர் இல்லாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். தோட்டத்துக்கு வெளியே ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில், சிங்களக் கிராமங்களில் உள்ள சிறுதோட்டக்காரர்களைப் போய்ப் பார்த்து, கொழுந்தின் தரம் சொல்லி, லொறி வரும் நேரம் சொல்லிவிட்டு வரும் உத்தியோகம். சிங்களம் வேண்டும், மோட்டார் சைக்கிள் வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். மூன்றும் இருந்தன. சைக்கிளுக்குத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சேர்ந்த அன்றே தொழிற்சாலை மேனேஜர், தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டு, சொல்லிவிட்டார்: "மல்லி, லைசன் நிக்கிற நாள் வேலையும் நிக்கும். மறந்துராத."

நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவும்.

அன்று அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓப்பநாயக்க டவுனுக்குப் போய், அவருக்கு மழைச் சப்பாத்து வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். பெரிய ரோட்டில் ஒரு வளைவு. வளைவில் ஒரு தனியார் பஸ், டயர் காற்றுப் போய், பாதி ரோட்டிலும் பாதி புல்லிலுமாக நின்றது. நடுவில் அறாத வெள்ளைக் கோடு. பஸ்ஸுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு சைக்கிள் தாராளமாகப் போகலாம். கொண்டக்டர் கையைக் காட்டினார், போனேன். கோட்டைத் தொடவே இல்லை. நான் புதுச் சட்டை போட்டவன்போல ஓட்டுகிறவன். கோடு என்றால் எனக்குக் கோடுதான்.

வளைவு தாண்டி, வடைக் கடை நிழலில் இருந்த ஒரு பொலிஸ் கொஸ்தாப்பல் கையை நீட்டினார். வயிறும் மீசையும் சேர்ந்து வளர்ந்த ஆள். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"கோடு தெரியல்லையா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். "தப்புதாங்க ராலாமி." பொலிஸ்காரரைக் கூப்பிடும் ராளஹாமி அவர் வாயில் அப்படித்தான் வரும்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றேன். கொஸ்தாப்பலைப் பார்த்து, "கோட்டைத் தொடவில்லை, ராளஹாமி. பஸ் நின்றிருந்தது. ஓரமாகத்தான் வந்தேன்" என்றேன்.

"அப்பன் தப்பு என்கிறான், மகன் இல்லை என்கிறான். யாருக்கு ரோட்டுச் சட்டம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்? இங்கிருந்து வளைவு தெரியாதே."

அவர் கையில் இருந்தது சின்னத் தண்டப் புத்தகம். தபால் கந்தோரில் கட்டிவிட்டு வந்தால் முடிந்துபோகும் ரகம். என் கேள்வியைக் கேட்டதும் அதை மூடிப் பையில் போட்டார். கோபப்படவில்லை. உண்மையில், அன்று முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"எத்தனை வரை படிச்சாய்?"

"உயர்தரம்."

"அப்படியானால் உனக்கு இந்தச் சின்னத் துண்டு போதாது" என்று வேறொரு தாளை எடுத்தார். கவனயீனமாக வாகனம் செலுத்தியது, வெள்ளைக் கோட்டை வெட்டியது என்று இரண்டு குற்றம் எழுதினார். எழுதும்போது எனக்குப் படித்தும் காட்டினார், ஆசிரியர் மாணவனுக்குப் படித்துக் காட்டுவதுபோல. அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு தற்காலிகத் துண்டைத் தந்தார். "கோர்ட்டுல வந்து சொல்லு. அங்கே படிச்சவங்க இருக்காங்க."

முதல் குற்றம் நிரூபணமானால் அனுமதிப்பத்திரத்தையே நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் வழியெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்: "நான்தான் முடிச்சிருந்தேனே. நீ ஏன்டா தொறந்த?"

நகரத்து நீதவான் நீதிமன்றத்தில் வாகன வழக்குகள் ஒரு குறிப்பிட்ட கிழமையில் வரும். வாசலிலேயே ஒரு தரகர் என் தோளைப் பிடித்தார். "மாத்தயாவுக்குச் சொல்லட்டா? குற்றம்னு சொல்லி, நாலு வார்த்தை கெஞ்சிக் கொறச்சுத் தருவார்." கறுப்புக் கோட்டுப் போட்ட அந்த வக்கீல் மாத்தயா தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கெஞ்சுவதற்குக் கூலி கொடுக்க வேண்டுமா, எங்கள் வீட்டிலேயே அதற்கு ஆள் இருக்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன்.

உள்ளே எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். லொறிக்காரர், ஆட்டோக்காரர், ஹெல்மெட் இல்லாத இளவட்டங்கள், இரண்டு ஆள் அதிகம் ஏற்றிய குற்றத்துக்காகத் தலையில் ஹெல்மெட்டும் கையில் குழந்தையுமாக வந்த ஒரு மனிதர். பெயர் கூப்பிடுவார்கள். குற்றத்தைப் படிப்பார்கள். குற்றந்தான் என்பதற்கு "வெரதி" என்பார் ஆள். தண்டம் சொல்லப்படும். அடுத்தவர். பிரட்டில் பெயர் கூப்பிடுவதைவிட வேகம்.

என் முறை வந்தது. "குற்றவாளி இல்லை, சுவாமீனி" என்றேன்.

வரிசை நின்றது. எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் தலையைத் தூக்கினார். நீதவான் ஒரு பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சட்டத்தரணி யார்?"

"இல்லை, சுவாமீனி. நானே பேசுவேன்."

பின்னால் நின்ற லொறிக்காரர் என் காதில், "மல்லி, கும்பிட்டுட்டு போடா, எங்களுக்கு லோட் ஏத்தணும்" என்றார். யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. விசாரணைக்கு நாள் போட்டார். சாட்சி இருந்தால் கூட்டி வரச் சொன்னார். வெளியே வரும்போது, பொலிஸ் தரப்பில் வழக்கு நடத்தும் சார்ஜன்ட் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: "கோட்டை வெட்டினதை மட்டும் ஒப்புக்கொள். மற்றதை எடுத்துவிடுகிறேன். லைசன் உனக்கே."

"செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது, சேர்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு விதமான இரக்கம் இருந்தது. மாட்டுக்கு விலை பேசி முடித்தவர் மாட்டைப் பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகு லயத்தில் எனக்குப் பெயர் வக்கீல். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்து, "வழி விடுங்கடி, வக்கீல் தொரை குளிக்க வாராரு" என்றார்கள். அடுத்த வீட்டுக் காம்பராக்காரர், "எங்க ஆடு இவங்க கீரையத் தின்னுடுச்சுன்னு சண்ட. ஆட்டுக்காக நீ பேசுறியா?" என்று கேட்டார். அவர் கேட்டதைவிட, எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்ததுதான் எரிச்சல். போனில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தேடிப் படித்தேன். வளைவில் போய் வடைக் கடை முன்னால் நின்று பார்த்தேன். மண்மேடும் ஒரு பெரிய கல்லும் கோட்டை முழுசாக மறைத்தன. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எந்தப் பரீட்சை முடிவும் தந்ததில்லை.

சாட்சிக்கு ஒரே ஆள்தான் இருந்தார். கொண்டக்டரைத் தேடிப் போனேன். அவர், "நான் கையைக் காட்டினேனா? ரோட்டுல நாளைக்கு எத்தனை பேருக்குக் கையைக் காட்டுறேன், தம்பி. பொலிஸோட எனக்குத் தினமும் சோலி" என்று கதவைச் சாத்தினார். மிச்சம் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒத்திகை வைத்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, நீதவானாக உட்கார்ந்தார். அம்மாவின் கறுப்புச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, உரல் மேல். வாசலில் கூட்டம்.

"ஏ கெழவா, அன்னக்கி என்ன நடந்துச்சு?" என்றார் மாமா.

"நீதவான் இப்பிடியா கேப்பாங்க?" என்றேன்.

"நான் கேக்குற நீதவான் இப்பிடித்தான் கேப்பாரு."

அப்பா எழுந்து நின்றார். "பஸ் நின்னுச்சுங்க. மகன் ஓரமா போனாங்க. கோடு அந்தப் பக்கமா கெடந்துச்சுங்க."

"மகன் போனாங்களா? பெத்தவனே மரியாத குடுக்குறான், பெரிய வழக்குதான்டா" என்று மாமா தொடையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் சொன்னதைச் சரியாகச் சொன்னார். மூன்று தடவையும் சரியாகச் சொன்னார். நீதவானை "சுவாமீனி" என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். தலையில் ஒன்றும் இல்லாமல் எப்படி ஊருக்குள் போவது என்று கேட்டார். போகலாம் என்றேன்.

விசாரணை நாளில் முதலியார், அதாவது நீதிமன்றத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர், இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். இருந்தார், மெலிந்த, நல்ல குணமுள்ள மனிதர். சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்பதால் அப்பா தாழ்வாரத்தில் இருந்தார். உட்காரும் வாங்கு காலியாக இருந்தும் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கொஸ்தாப்பலும் வெளியேதான், ஆனால் வாங்கில்.

முதலில் கொஸ்தாப்பலை அழைத்தார்கள். அவர் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். சைக்கிள் வேகமாக வந்தது, பஸ்ஸை முந்தியது, கோட்டை வெட்டியது. பிறகு என்னிடம், கேள்வி இருக்கிறதா என்றார் நீதவான்.

எழுந்தேன். சிங்களத்தில் கேட்டேன்.

"அன்று நீங்கள் நின்ற இடம் எது?"

"வடைக் கடை முன்னால்."

"அங்கிருந்து வளைவுக்கு இடையில் என்ன இருக்கிறது?"

அவர் யோசித்தார். "ரோடு."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்?"

"மண்மேடு."

"மண்மேட்டின் மேல்?"

"...ஒரு கல்."

"அந்தக் கல்லைத் தாண்டி நடுக்கோடு தெரியுமா?"

கொஸ்தாப்பல் சார்ஜன்டைப் பார்த்தார். நீதவான், "அங்கே பார்க்காதே, இங்கே பார்த்துச் சொல்" என்றார். நீதிமன்றம் முழுவதும் சிரித்தது. என் வாழ்நாளில் ஒரு கூட்டம் என் பக்கம் நின்று சிரித்தது அந்த ஒரே தடவைதான். கொஸ்தாப்பல் கடைசியில், "சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்" என்றார். "எஞ்சின் சத்தத்திலா கோட்டை வெட்டியது தெரிந்தது?" என்றேன். நீதவான் எதையோ எழுதினார். பேனாவை மூடினார்.

பேனாவை மூடியதை நான் பார்த்தேன். அது என்னவென்று புரிந்துகொள்ளும் படிப்பு என்னிடம் இல்லை.

"சாட்சி அழைக்கப் போகிறாயா?" என்று கேட்டார். "அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகவும் சொன்னார்.

வாசலில் பார்த்த கறுப்புக் கோட்டுக்காரர், அன்று வேறொரு வழக்குக்காக முன்வரிசையில் இருந்தவர், என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல. தரகர் அனுப்பிய ஆள், இன்னும் கூலி எதிர்பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்ததில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் சாட்சியை அழைக்கலாம் என்று இருந்தது. அழைக்கலாம் என்றால் அழைப்பதுதான் முறை. எதையும் பாதியில் விடுகிறவன் அல்ல நான்.

"ஒரு சாட்சி, சுவாமீனி. என் தந்தை."

அப்பா உள்ளே வந்தார். கூண்டில் ஏற ஒரு படி. ஏறும்போது கையைத் தலைக்குக் கொண்டுபோய், துண்டு இல்லாததால் முடியைத் தடவிவிட்டு இறக்கினார். முதலியார் சத்தியம் செய்வித்தார். நான் கேட்டேன், அவர் சொன்னார்.

"பஸ் நின்னுச்சுங்க. மகன் ஓரமாத்தாங்க போனான். கோடு அந்தப் பக்கமா கெடந்துச்சுங்க."

முதலியார் அழகாக மொழிபெயர்த்தார். ஒத்திகையைவிட நன்றாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

சார்ஜன்ட் எழுந்தார். அவர் கோட்டைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ கேட்கவில்லை. கூண்டுக்குக் கிட்டே வந்து நின்று, குரலை உயர்த்தினார்.

"அப்படியானால் அந்த ராளஹாமி பொய் சொல்கிறாரா? இந்த நீதவான் முன்னால், பொலிஸைப் பொய்யன் என்கிறாயா?"

முதலியார் அதைத் தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார். சார்ஜன்டின் குரலைத் தாழ்த்த அவரால் முடியவில்லை. அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா சார்ஜன்டைப் பார்த்தார். வாசலில் நின்ற கொஸ்தாப்பலைப் பார்த்தார். பிறகு, மேலே உயரத்தில் உட்கார்ந்திருந்த நீதவானை நிமிர்ந்து பார்த்தார். அவரும் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் சும்மா இருந்தார்கள். அந்த அமைதியை எனக்குத் தெரியும். காலையில் மலைக்குப் போக வேண்டியவர்கள், யாராவது ஒருவர் வாயைத் திறந்து முடித்துவைக்கட்டும் என்று காத்திருக்கும் அமைதி.

அப்பாவின் கை மறுபடியும் தலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே தேடியது. பிறகு இறங்கி, மற்றக் கையோடு சேர்ந்தது.

"தப்புதாங்க, தொரசானி."

முதலியார் என்னைப் பார்த்தார்.

"சின்னப் பய. தெரியாம பண்ணிட்டான். இனிமே நடக்காதுங்க. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுருங்க, தொரசானி."

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தோட்டத்துத் தொரையின் மனைவியைக் கூப்பிடும் சொல்லால் அப்பா நீதவானைக் கூப்பிட்டுவிட்டார். முதலியார் மொழிபெயர்த்த பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரே பகிடிக்கு இரண்டு தடவை சிரிப்பு கிடைத்தது. அப்பா சிரிப்பு வந்த திசைகளுக்கெல்லாம் கும்பிட்டார்.

"சுவாமீனி" என்று நான் எழுந்துவிட்டேன். "அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்."

"எப்படி?"

"பெரியவர்கள் கேட்டால், செய்யாவிட்டாலும் தப்பு என்றுதான் சொல்வார்கள். அது வழக்கம்."

"அப்படியென்றால் உங்கள் தோட்டத்தில் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்கிறாய்."

"பொய் இல்லை, சுவாமீனி..." அதற்கு மேல் எனக்குச் சிங்களம் வரவில்லை. தமிழும் வரவில்லை. பதின்மூன்று வருடம் தமிழும் சமயமும் வரலாறும் படித்தேன். அப்பா சொன்னது பொய்யா உண்மையா என்பதற்கு ஒரு சொல் அதில் எங்கேயும் இருக்கவில்லை.

"முதலில் ஒன்று சொன்னார்" என்றார் நீதவான். "பிறகு வேறொன்று சொன்னார். சத்தியம் செய்துவிட்டுத்தான் இரண்டையும் சொன்னார். உன் சாட்சி. அழைத்தது நீ. நான் எதை நம்ப வேண்டும்?"

அவர் என்னை ஏளனம் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பேனாவைத் திறந்தார். குற்றவாளி. சாட்சியாளரின் வயதையும் பணிவையும் பார்த்துத் தண்டப்பணத்தைக் குறைத்தார். கவனயீனமாக ஓட்டியதற்காக அனுமதிப்பத்திரம் ஆறு மாதத்துக்கு நிறுத்தம். அடுத்த வழக்கு.

வெளியே அப்பாவைச் சுற்றி லொறிக்காரர்கள் நின்றார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை அக்காவின் கலியாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? நீ பேசிப் பேசி ஏத்துனத நான் ஒரே வார்த்தையில எறக்கிட்டேன். பொம்பள ஆனாலும் நல்ல தொரசானிடா. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

"லைசன் போச்சுப்பா."

"போனது ஆறு மாசத்துக்குத்தானே? உள்ள போட்டாங்களா? இல்லயே."

கொஸ்தாப்பல் எங்களைத் தாண்டிப் போனார். நின்றார். அப்பாவின் தோளில் கையை வைத்து, "நல்ல மனுசன்" என்று சிங்களத்தில் சொன்னார். என்னைப் பார்த்து, "மல்லி, இவர்கிட்ட படிச்சிருக்கலாம்" என்றார். அப்பா அதற்கும் கும்பிட்டார். பிறகு எனக்கு ஒரு பிளேன்டீயும் பனிசும் வாங்கித் தந்தார், குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு வாங்கித் தருவதுபோல.

தொழிற்சாலையில் மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை. முன்பு சொன்னதை மறுபடி சொல்லவும் இல்லை. என் கையில் இருந்த சைக்கிள் சாவியைப் பார்த்து, "ஆறு மாசம் கழிச்சு வந்து பாரு" என்றார். வெளியே வரும்போதே எனக்குப் பதிலாக ஒரு பொடியன் வாசலில் ஹெல்மெட்டோடு நின்றான். சைக்கிளைத் தவணைக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள்.

லயத்தில் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத வீடு இல்லை. ஒவ்வொரு தடவையும் சார்ஜன்ட் உயரமானார், நீதவான் இன்னும் மேலே உட்கார்ந்தார், அப்பாவின் வார்த்தை இன்னும் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு கும்பிடு மட்டும் மிஞ்சியது. மேல் டிவிசனில் ஒருவருடைய ஆட்டோவைப் பொலிஸ் பிடித்தபோது அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் எழுந்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "அப்பா இருக்காங்களா? கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அப்பா போனார். அங்கேயும் தண்டம் குறைந்தது.

சும்மா இருந்த நாள்களில் நான் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒரு நாள் சாயங்காலம் அப்பா மலையிலிருந்து வந்து, துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "முடிச்சுட்டேன்" என்றார்.

"எத?"

"ஒன் விசயத்ததான். தொரைக்கிட்டப் பேசி பேரு பதிஞ்சாச்சு. மருந்தடிக்க ஆள் பத்தாதாம். நாளைக்கே வரச் சொல்லிட்டாரு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன். "தொரைக்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? பய வெளிய வேல தேடிப் போனது தப்புதாங்க, இனிமே போகமாட்டான்னேன். ஒடனே சரின்னுட்டாரு. நல்ல மனுசன்."

சைக்கிள் தவணையின் மீதிக்காக வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் போனேன்.

இப்போதிருக்கும் தொரைக்கு என் வயதுதான் இருக்கும். பிரட்டில் நின்றேன். பின்வரிசையில் யாரோ, "வக்கீல் வந்துட்டாருடா. இனி எல்லாரும் வெயில்லயே நிப்போம்" என்றார்கள். கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட்டார். நான் "இருக்கேங்க" என்றேன். தொரை நிமிர்ந்து, "புது ஆளா? ஏன் லேட்?" என்றார்.

நான் லேட் இல்லை. மணி அடிக்கும் முன்னமே வந்து நின்றேன். என் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"லேட் இல்லைங்க, சேர். மணி அடிக்கிறதுக்கு முன்னமே வந்துட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மருந்து டாங்கிகள் வரிசையாகத் தரையில் இருந்தன. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். "துண்ட எடுத்துடுடா, எடுத்துடு" என்று மாமாவின் குரல் கிசுகிசுத்தது. என் தலையில் துண்டு இருந்தது. அம்மா காலையில் கட்டிவிட்டது. என் கை இரண்டும் கீழேயே இருந்தன.

பின்வரிசையில் சலசலப்பு. ஆட்களை விலக்கிக்கொண்டு அப்பா முன்னால் வந்தார். தன் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் பக்கத்தில் நின்று குனிந்தார்.

"தப்புதாங்க தொரை. பய புதுசு. இனிமே நேரத்துக்கு வருவான்."

தொரை "ம்" என்றார்.

பிரட்டு கலைந்தது.